கோட்டைச் சுவரும் கணக்கேடும்

கோட்டை என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது ராஜா, ராணி, குதிரை, வாள்சண்டை இவைதான். சினிமாவும் தொலைக்காட்சியும் அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன. வியாபாரத்திலேயே காலம் கழித்த என் போன்றவனுக்கு எந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தாலும் முதலில் வேறு கேள்விதான் எழும். இதற்கு எவ்வளவு செலவாயிற்று? பணம் யார் போட்டது? போட்டவனுக்குத் திரும்பி வந்ததா? திருவள்ளுவர் 75-ஆம் அதிகாரத்தை ‘அரண்’ என்று வைத்துவிட்டு, அடுத்த 76-ஆம் அதிகாரத்தையே ‘பொருள் செயல்வகை’ என்று வைத்தார். கோட்டைக்குப் பக்கத்திலேயே பணம் நிற்கிறது! இந்த வைப்புமுறையை மனத்தில் கொண்டு, ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகளில் மிகவும் புகழ்பெற்ற சிலவற்றை, அதாவது இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு வேல்ஸ் நாட்டில் கட்டியவற்றை, இங்கே கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். பல நூற்றாண்டுகள் கடந்தும் அவற்றின் செலவுக் கணக்குகள் பெருமளவு பிழைத்திருப்பது நமது பாக்கியம்.

மண்மேட்டிலிருந்து கல்லுக்கு

1066-ல் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். வந்தவர்கள் சிறு கூட்டம், சுற்றி இருந்தவர்கள் பெருங்கூட்டம். ஆகவே போன இடமெல்லாம் அவசர அவசரமாகக் கோட்டை எழுப்பினார்கள். முதலில் கல் இல்லை. வட்டமாகப் பள்ளம் வெட்டுவது, அந்த மண்ணையே நடுவில் மேடாகக் குவிப்பது, மேலே ஒரு மரக் கோபுரம் நிறுத்துவது, கீழே வேலியிட்ட முற்றத்தில் லாயமும் சமையல்கட்டும் அமைப்பது. அவ்வளவுதான். 1086-ல் எடுத்த ‘டூம்ஸ்டே’ என்னும் நிலக்கணக்கில், லிங்கன் நகரில் கோட்டைக்காக மட்டும் 166 வீடுகள் பாழாயின என்று பதிவாகியுள்ளது. ஆக, கோட்டை என்பது ஊரைக் காக்க எழுந்ததா, ஊரை அடக்க எழுந்ததா என்ற கேள்வி முதல் நாளே தொடங்கிவிட்டது.

மரம் தீப்பிடிக்கும், மக்கும். எனவே படிப்படியாகக் கல் வந்தது. இந்தக் கலை உச்சத்தைத் தொட்டது எட்வர்டு காலத்தில். வேல்ஸ் இளவரசர் லிவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி தாவித் மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டார். நாட்டைப் பிடித்தாயிற்று, இனி பிடித்ததை விடாமல் இருக்கவேண்டுமே! 1283-ல் கான்வி, ஹார்லெக், கெர்னார்வன் என்று மூன்று கோட்டைகளை ஒரே சமயத்தில் தொடங்கினார். மீண்டும் ஒரு கிளர்ச்சி வெடித்து அடங்கிய பின் 1295-ல் ஆங்கிள்சீ தீவில் போமாரிஸ் கோட்டை தொடங்கியது. எல்லாமே கடலையோ கடல்நீர் ஏறும் ஆற்றையோ ஒட்டியவை. சுற்றிலும் எதிரி சூழ்ந்தாலும் கப்பலில் அரிசி பருப்பு வரவேண்டும் என்பதே தந்திரம் (அவர்களுக்குக் கோதுமையும் உப்பிட்ட மாமிசமும்). ஹார்லெக்கில் பாறை உச்சியிலிருந்து நீர்வாயில்வரை 108 படிகள் இறங்கின. 1294-ல் கிளர்ச்சிக்காரர்கள் வளைத்தபோது அயர்லாந்திலிருந்து கடல்வழி வந்த தானியம்தான் அந்தக் கோட்டையைக் காப்பாற்றியது.

வேலை நடந்த விதம்

இவற்றின் தலைமைச் சிற்பி மாஸ்டர் ஜேம்ஸ். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துச் சவாய் நாட்டிலிருந்து வந்தவர். ‘செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ்’ என்றே இவரைச் சொல்வார்கள். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் பெயரிலுள்ளது அவர் வேலை பார்த்த ஓர் ஊரின் பெயர். 1284-ல் இவருக்கு ஆயுள் முழுதும் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் என்று அரசர் நிர்ணயித்தார். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. தேர்ந்த கல்தச்சருக்குச் சுமார் 4 பென்னி நாள்கூலி இருந்த காலம் அது. அதாவது ஒன்பது கல்தச்சர்களின் கூலி இவர் ஒருவருக்கு!

வேலைக்காலம் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைதான். குளிரில் சுண்ணாம்புச் சாந்திலுள்ள ஈரம் உறைந்து சுவர் பிளந்துவிடும். ஆகையால் பனிக்காலம் வருமுன் பாதிக் கட்டிய சுவரின் தலையை வைக்கோலால் மூடிவைப்பார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட நிலக்கரி வேண்டும், அது படகில் வந்தது. சாரம் கட்ட மரத்தைச் சுவரிலேயே செருகினார்கள். சாரம் நேராக ஏறாமல் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறியது. அந்தத் துளைகளை இன்றும் காணலாம். கனத்த கற்களை, மனிதர் உள்ளே நின்று மிதித்துச் சுழற்றும் பெரிய சக்கரத்தால் தூக்கினார்கள்.

போமாரிஸிலிருந்து 1296 பிப்ரவரியில் மாஸ்டர் ஜேம்ஸும், வின்செஸ்டர் ஊர் வால்ட்டர் என்ற கணக்கரும் அரசுக் கருவூலத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். முதலாளிக்கு மேஸ்திரி எழுதும் கடிதம் எந்தக் காலத்திலும் ஒன்றுதான் போலும்! வாரத்துக்கு 250 பவுனாவது வேண்டும் என்று கேட்டுவிட்டு, ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள் என ஆள்கணக்கும் கொடுக்கிறார்கள்: கல்தச்சர் 400 பேர், சிற்றாட்கள் 2,000 பேர், கல் உடைப்போர் 200 பேர், கொல்லரும் தச்சரும் 30 பேர், 100 கைவண்டிகள், 60 பெருவண்டிகள், கல்லும் கரியும் கொண்டுவர 30 படகுகள். கூலி பாக்கி நிற்கிறது, ஆட்களுக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை, அவர்களைப் பிடித்து வைப்பதே கஷ்டமாக இருக்கிறது என்று புலம்புகிறார்கள். கடைசியில், கடவுள் பெயரால் சீக்கிரம் பணம் அனுப்புங்கள் என்று ஒரு பின்குறிப்பு. 250 பவுன் என்றால் 60,000 வெள்ளிப் பென்னிகள். ஒரு வாரத்துக்கு!

உள்ளே வாழ்ந்தவர்கள்

ஆயிரக்கணக்கானவர்கள் கட்டிய கோட்டைக்குள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கான்வியில் 1284-ல் கோட்டைத் தலைவரின் (நம் பக்கத்தில் கில்லேதார் என்பார்களே, அவர்) கீழ் வைக்கச் சொன்னது 30 பேர். அதில் 15 பேர் விசைவில் வீரர்கள். ஒரு பாதிரியார், ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஒரு கல்தச்சர், ஆயுதம் செய்பவர் ஒருவர், பிறகு வாயில்காப்போரும் காவலாளிகளும். அரசர் வந்தால்தான் ஆரவாரம். மற்ற நாளெல்லாம் காற்றும் மழையும் காவல் முறையும்தான்.

பெரிய கூடம் ஒன்று இருக்கும். அங்கேயே சாப்பாடு, அங்கேயே பஞ்சாயத்து, வேலையாட்களில் பலருக்கு அங்கேயே படுக்கை. தரையில் கோரைப்புல் பரப்பியிருக்கும். பழைய கெட்டி ரொட்டித்துண்டே தட்டு. நமக்கு வாழையிலை போல அவர்களுக்கு அது. வெள்ளிக்கிழமையும், ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் நோன்பிலும் மாமிசம் கூடாது, மீன் உண்ணலாம். கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட சமணன் கண்ணுக்கு இது அரைக்கிணறு தாண்டிய விரதம். ஆனாலும் நாவை அடக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கேயும் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம். பெரியவர்கள் பந்தியில் மிளகு இல்லாமல் விருந்து இல்லை. அந்த மிளகு நம் மலையாளக் கரையிலிருந்து அரபிக்கடல், எகிப்து, வெனிஸ் என்று கைமாறிக் கைமாறிப் போனது. மிளகு வியாபாரிகளுக்கென்றே லண்டனில் 1180-லேயே ஒரு சங்கம் இருந்திருக்கிறது.

கழிப்பறைகள் சுவரின் கனத்துக்குள்ளேயே அமைந்தன, கழிவு வெளிப்பக்கம் விழும். கான்வி நகர மதிலின் தென்புறத்தில் 12 கழிப்பறைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். சரித்திரப் புத்தகங்கள் சிம்மாசனத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு இதைப் பற்றி எழுதுவதில்லை!

பணம் யார் கொடுத்தது?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 1277 முதல் 1304 வரை வேல்ஸ் கோட்டைகளுக்கு எட்வர்டு செலவிட்டது ஏறக்குறைய 80,000 பவுன். வரி வசூலாகும் வரை கொத்தனார் காத்திருப்பாரா? இடையில் கைமாற்று கொடுத்தவர்கள் இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி என்ற வணிகக் குழுவினர். 1275-ல் ஏற்றுமதியாகும் கம்பளி மூட்டை ஒன்றுக்கு 6 ஷில்லிங் 8 பென்னி சுங்கம் விதித்து, அந்த வசூலை ரிக்கார்டிகளிடம் அடமானம் போல ஒப்படைத்தார் அரசர். அவர்கள் கேட்டபோதெல்லாம் ரொக்கம் கொடுத்தார்கள், சுங்கத்தில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல ஏற்பாடு. 1283-ல் தொடங்கிய கான்வி நான்கே ஆண்டுகளில் பெரும்பாலும் முடிந்தது என்றால், கூலி தவறாமல் கிடைத்ததும் ஒரு காரணம்.

1294-ல் பிரான்சோடு போர் மூண்டது. அரசர் பெருந்தொகை கேட்டார், அவர்களால் புரட்ட முடியவில்லை. உடனே சுங்கத்தைப் பிடுங்கி, அவர்கள் சொத்துக்களையும் முடக்கினார். இருபது வருஷம் கொடுத்த கையை ஒரே வருஷத்தில் முறித்தாயிற்று. சில ஆண்டுகளில் அந்தப் பெரிய நிறுவனம் நொடித்துப்போனது. அடுத்த ஆண்டு தொடங்கியதுதான் போமாரிஸ். முன்னே சொன்ன புலம்பல் கடிதம் எந்த நிலைமையில் எழுதப்பட்டது என்று இப்போது புரிகிறதல்லவா? ஸ்காட்லாந்துப் போரும் சேர்ந்துகொள்ள, வேலை இழுத்து இழுத்து 1330 வாக்கில் நின்றே போயிற்று. கோபுரங்கள் நினைத்த உயரத்தை எட்டவேயில்லை. நான்கு கோட்டைகளில் அமைப்பால் மிக நேர்த்தியானது என்று வல்லுநர்கள் புகழ்வது அந்த முடியாத கோட்டையைத்தான்.

சுவருக்கு வெளியே

கடன் கொடுத்தவர்களுள் இன்னொரு சாரார் யூதர்கள். கிறித்தவருக்கு வட்டித்தொழில் சமய விலக்கு, யூதருக்கோ பல தொழில்கள் அடைக்கப்பட்டிருந்தன. அரசர் அவர்களைத் தம் சொந்த உடைமையாகக் கருதினார். ஆகவே ஆபத்து வந்தால் அரசரின் கோட்டைக்குள் ஓடுவது வழக்கம். 1190 மார்ச்சில் யார்க் நகரில் கலகம் மூண்டபோது அப்படித்தான் குடும்பம் குடும்பமாகக் கோட்டை மரக்கோபுரத்துக்குள் புகுந்தார்கள். கில்லேதார் வெளியே போய்த் திரும்பியபோது, அவர் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் கதவைத் திறக்கவில்லை. அரசு அதிகாரிகளே கோட்டையை முற்றுகையிடும்படி ஆயிற்று. மார்ச் 16 இரவில் பலர் தம் கையாலேயே உயிர்விட்டார்கள். உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களை வெட்டினார்கள். மாண்டவர்கள் சுமார் 150 பேர். பிறகு அந்தக் கூட்டம் நேராகப் பெரிய தேவாலயத்துக்குப் போய், அங்கே பத்திரமாக வைத்திருந்த கடன் பத்திரங்களை எரித்தது. இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் மனம் ஆறவில்லை. கூட்டத்தை முன்நின்று நடத்தியவர்களுக்குக் கடன்பட்டவர்களின் கணக்கு தெரிந்தேயிருந்தது. எட்வர்டு 1275-ல் யூதரின் வட்டித்தொழிலைத் தடுத்தார், 1290-ல் அவர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினார். 1650-களில்தான் அவர்களால் வெளிப்படையாகத் திரும்பி வாழ முடிந்தது.

வேல்ஸ் வணிகர்களும் தப்பவில்லை. போமாரிஸ் எழுந்த இடத்துக்குப் பக்கத்திலே லான்வாஸ் என்ற செழிப்பான துறைமுக ஊர் இருந்தது. அங்குள்ளவர்களைக் கிளப்பிச் சுமார் 12 மைல் தள்ளிக் குடியேற்றினார்கள். 1303-ல் அந்தப் புது இடத்துக்குச் சாசனம் கொடுத்து ‘நியூபரோ’, அதாவது புதுவூர், என்று பெயரும் வைத்தார்கள். கோட்டையை ஒட்டிய மதில் நகரங்களில் ஆங்கிலேயக் குடிகளுக்கே சலுகை. 1402-ல் வந்த சட்டங்கள் அந்த நகரங்களில் வேல்ஸ் மக்கள் நிலம் வாங்குவதையும் பதவி வகிப்பதையும் தடுத்தன.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது ஒரு வேடிக்கை. 1401 ஏப்ரல் 1, புனித வெள்ளி. கான்விக் காவலர் பெரும்பாலோர் ஊர்க் கோயிலில் பிரார்த்தனையில் இருந்தார்கள். வேல்ஸ் கிளர்ச்சிக்காரர்கள் தச்சர் வேடத்தில் வாயிலுக்கு வந்து உள்ளே புகுந்துவிட்டார்கள். ஏறக்குறைய 15,000 பவுன் விழுங்கிய கோட்டை, ஒரு தச்சர் வேடத்தில் போயிற்று! எவ்வளவு சிறந்த அரணும் அதற்குள் இருப்பவர்கள் செயலில் சிறந்தவர்களாக இல்லாவிட்டால் பயன்படாது என்று வள்ளுவர் அரண் அதிகாரத்தின் கடைசிக் குறளில் முடித்திருப்பது இதற்கு முன்னரே எழுதிவைத்த தீர்ப்பு போல இருக்கிறது.

1986-ல் இந்த நான்கு கோட்டைகளையும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் என யுனெஸ்கோ அறிவித்தது. யாரை அடக்கக் கட்டினார்களோ அந்த வேல்ஸ் மக்களின் அரசுத் துறைதான் இன்று அவற்றைப் பராமரிக்கிறது, பார்க்க வருகிறவர்களிடம் கட்டணமும் வாங்குகிறது. அறுநூறு எழுநூறு ஆண்டு கழித்தாவது வரவு வந்ததே!

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். எட்வர்டிடம் முதலாவது இருந்தவரை சுவர் உயர்ந்தது. இரண்டாவதை விட்டபோது முதலாவதும் வற்றியது, சுவர் பாதியில் நின்றது. சொந்த மண்ணை விட்டு வந்து, மதிலும் அகழியும் இல்லாமல், அக்கம்பக்கத்தார் நம்பிக்கை ஒன்றையே அரணாகக் கொண்டு கடை வைத்தும் உத்தியோகம் பார்த்தும் வாழும் நம் குடும்பங்கள் போமாரிஸ் கணக்கை ஒருமுறையாவது பார்த்துவைப்பது நல்லது.