பேட்டரிக்கு அடித்த யோகம்

1979 ஜூன் மாதம். வெள்ளை மாளிகையின் கூரையில் 32 சூரியத் தகடுகளைப் பொருத்தி விழா எடுத்தார் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர். வெந்நீர் போடுவதற்கு!

அதற்கு முந்தைய வருடமே ஒரு சட்டம் போட்டிருந்தார். சூரியசக்திக் கருவி வாங்கும் நிறுவனம், அதன் விலையில் 10 சதவிகிதத்தைக் கழித்துக்கொள்ளலாம். வருமானத்தில் அல்ல, கட்டவேண்டிய வரியிலேயே! கணக்குப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் புரியும். 2006-ல் அந்தப் பத்து, முப்பது ஆனது.

எல்லாம் சரி. சூரியன் மறைந்த பிறகு?

மின்சாரத்தைச் சேமிக்க பேட்டரி வேண்டும். சட்டத்திலோ பேட்டரிக்கென்று தனி இடமே இல்லை. வருமான வரித்துறை ஒரு விளக்கம் சொன்னது. சூரியத் தகடுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பேட்டரியை அதன் ஒரு பாகமாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால், அதில் ஏறும் மின்சாரத்தில் குறைந்தது 75 சதவிகிதம் சூரியனிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியின் விலை ஒரு கோடி டாலர். முழுக்கச் சூரிய மின்சாரம் என்றால் 30 லட்சம் சலுகை. 80 சதவிகிதம் என்றால் 24 லட்சம். 74 சதவிகிதம்? பூஜ்யம். ஐந்து வருடம் கண்காணிப்பு வேறு. நடுவில் அளவு குறைந்தால், வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவேண்டும்.

விளைவு? நடுராத்திரியில் காற்றாலை மின்சாரம் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். பேட்டரியும் காலியாக இருக்கும். ஆனாலும் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பேட்டரியை மட்டும் தனியாக வைப்பவருக்கோ சல்லிக்காசு கிடையாது. பேட்டரி அதிகம் தேவைப்படும் நெரிசலான நகரத்தில், தகடு விரிக்க இடத்துக்கு எங்கே போவது?

பல வருடம் முட்டி மோதினார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று செனட்டில் மசோதா ஓட்டுக்கு வந்தது. 50-க்கு 50! துணை அதிபர் கமலா ஹாரிஸ் போட்ட ஓட்டில் பிழைத்தது. அவருடைய அம்மா சியாமளா நம்ம சென்னைக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? ஆகஸ்ட் 16-ல் ஜோ பைடன் கையெழுத்திட்டார்.

2023 முதல், தனியாக நிற்கும் பேட்டரிக்கும் 30 சதவிகிதம். பெரிய திட்டம் என்றால், தொழிலாளர்களுக்கு ஊர் வழக்கப்படி நியாயமான கூலி தரவேண்டும், தொழில் பழகுபவர்களுக்கும் வேலை தரவேண்டும். இல்லாவிட்டால் வெறும் 6.

2024-ல் மட்டும் புதிதாக 10,400 மெகாவாட் பேட்டரிகள் இணைந்தன. மொத்தம் 26,000-ஐத் தாண்டியது. சலுகை மட்டுமே காரணமல்ல, பேட்டரி விலையும் சரிந்திருந்தது.

அடுத்ததுதான் வேடிக்கை. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் சூரியனுக்கும் காற்றுக்கும் சலுகைக் காலத்தை வெட்டியது. வீட்டு பேட்டரிக்கான சலுகையும் அந்த வருடக் கடைசியோடு முடிந்தது. ஆனால் பெரிய பேட்டரித் திட்டங்கள் தப்பித்தன. 2033 வரை வேலை தொடங்கினால் முழுச் சலுகை உண்டு. சீனத்துச் சரக்குக்குத்தான் ஏகப்பட்ட கெடுபிடி.

பார்த்தீர்களா? சூரியனின் வாலாக மட்டுமே மதிக்கப்பட்ட பேட்டரி, சூரியனையே முந்திக்கொண்டு நிற்கிறது.

ஆகவே, வரிச்சலுகை என்று யாராவது சொன்னால் எத்தனை சதவிகிதம் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பொருளுக்கு என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கும். பணம் இருப்பது அந்த வரியில்தான்.