ஏலாக்குறிச்சியும் தரங்கம்பாடியும்

சின்னக்கானல் மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. வீட்டில் மூத்தவர் ஒருவர் கண்மூடுகிறார். கத்தோலிக்க மருமகள் முப்பதாம் நாள் பூசைக்குக் காணிக்கை எடுத்து வைக்கிறாள். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த கொழுந்தனாரோ, "போன ஆத்துமாவுக்கு இனி நாம் செய்ய என்ன இருக்கிறது, மதினி?" என்கிறார். நவம்பர் 2ஆம் நாள் ஒரு கல்லறையில் மெழுகுதிரி எரிகிறது. பக்கத்துக் கல்லறையில் எரிவதில்லை. நம்புவது ஒரே மீட்பரை. பேசுவதும் ஒரே தமிழை. பின் இவ்வேறுபாடு தமிழ்க் குடிகளிடையே புகுந்தது எவ்வாறு? ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் காவிரி நாட்டில் நடந்த ஒரு சொற்போரை நோக்கினால் விடை புலப்படும்.

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலி, ஆத்துமா அழியாதது என்றும், மறுபிறப்பு இல்லை என்றும் தமிழ் உரைநடையில் வாதிட்டவர். 'ஆத்தும நிருணயம்' அவர் நூல்களுள் ஒன்று. சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். ஆத்துமா அழியாதது என்பதில் இவருக்கும் கத்தோலிக்கருக்கும் பிணக்கில்லை. அவ்வாத்துமா கரையேறுவது எங்ஙனம், இறந்தபின் அதன் நிலை யாது என்பவற்றில்தான் வழக்கு எழுந்தது.

நம்பிக்கை ஒன்றினாலேயே மனிதன் நீதிமான் ஆகிறான் என்பது லுத்தரன் கொள்கை. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகம் அதற்கு ஆதாரம். நம்பிக்கையோடு நற்செயலும் வேண்டும் என்பது கத்தோலிக்கர் கொள்கை. யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் அவர்க்கு அரண். உத்தரிக்கிற தலத்தைப் பற்றிய வாதம் இன்னும் கூர்மையானது. இறந்தோர்க்காக வேண்டுவதற்குக் கத்தோலிக்கர் காட்டும் சான்று மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். அந்நூல் படிப்பதற்கு நன்று, ஆயின் கோட்பாட்டுக்குச் சான்றாகாது என்று லுத்தர் ஒதுக்கிவிட்டார். சான்றேட்டையே மறுதரப்பு ஏற்காத வழக்கு எந்த மன்றில் தீரும்?

தரங்கம்பாடியாரிடம் அச்சகம் இருந்தது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவருக்கோ அச்சகம் இல்லை. அவர் எழுதியவை ஓலையில் படியெடுக்கப்பட்டே பரவின. 1726இல் தேம்பாவணி பாடிய அப்பெரும்புலவர், 1728இல் 'வேத விளக்கம்' எழுதி லுத்தரன் கொள்கைகளை ஒவ்வொன்றாக மறுத்தார். தரங்கம்பாடியிலிருந்து 'திருச்சபை பேதகம்' வெளிவர, 'பேதகமறுத்தல்' என்று எதிர்நூல் செய்தார். கடுஞ்சொல்லுக்கு இரு தரப்பிலும் குறைவில்லை.

தரங்கம்பாடியாரின் தமிழ்நடையையும் முனிவர் எள்ளி நகையாடினார். இலக்கணம் கற்றோர் அவர் பக்கமே நிற்பர்; நானும் அப்படித்தான். ஆனால் அந்தக் கரடுமுரடான நடை ஒரு போர்வீரனுக்கு எட்டியது என்பதை மறத்தலாகாது. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கர் கத்தோலிக்கர். தரங்கம்பாடி அச்சிட்ட நற்செய்தி நூல் கைக்கு வர, அதனைத் தாமே படித்து, சபை மாறி, பின்னர் லுத்தரன் உபதேசியாராகவும் ஆனார். குருக்கள் எழுதிய எதிர்நூல்களைவிட இவ்வொரு மனிதரின் முடிவே, வழக்கு வீட்டுக்குள் புகுந்துவிட்டதைக் காட்டுகிறது. முன்னோரின் கல்லறையை ஒரு கண்ணோடும் தம் பிள்ளைகளின் நாளையை வேறொரு கண்ணோடும் பார்க்க வேண்டிய நிலை, அவரைப் போன்ற குடும்பங்களுக்கே வாய்த்தது.

சொற்களும் இரண்டாகப் பிரிந்தன. இறைவன் இலவசமாக ஈவதைக் கத்தோலிக்கர் 'வரப்பிரசாதம்' என்றனர். சீர்திருத்தச் சபையார் 'கிருபை' என்றனர். முன்னதில் கோயில் வாசலில் கைநீட்டிப் பெறும் பொருளின் மணம் உண்டு. பின்னதில் அரசன் குற்றவாளியை நோக்கும் கண்ணோட்டம் உண்டு. பேசத் தொடங்கிய முதற் சொல்லிலேயே இவர் எச்சபையார் என்பது வெளிப்பட்டுவிடும். நம் தோட்டங்களிலும் அது அப்படித்தானே!

வீரமாமுனிவர் 1747இல் மறைந்த இடம் அம்பழக்காடு. அது இன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ளது. தமிழுக்கு அகராதி தந்த அப்பெருமகன் நம்மைப்போலவே மலையாள மண்ணில் வந்து தங்கியவர் என்று எண்ணும்போது ஏனோ ஓர் உறவு தோன்றுகிறது. அதே அம்பழக்காட்டில்தான் 1679இல் புரோயென்சா அடிகளின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சாயிற்று.

நெடுங்காலம் கழித்து, 1995இல், இரு தரப்பு அறிஞரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' வெளிவந்தது. வரப்பிரசாதமும் கிருபையும் அதில் 'அருள்' ஆயின; இரட்சிப்பு 'மீட்பு' ஆயிற்று. 1999 அக்டோபர் 31ஆம் நாள் செருமனியின் ஆகுசுபர்க்கு நகரில், நீதிமான் ஆக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கையெழுத்திட்டன. உத்தரிக்கிற தலத்தை அவ்வறிக்கை தீர்த்துவைக்கவில்லை. வழக்குக்குக் காரணமான மக்கபேயர் நூல்கள் திருவிவிலியத்தில் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே, 'இணைத்திருமுறை' என்ற தனிப்பகுதியில் இடம்பெற்றுள்ளன. மதினி அந்தப் பதிப்பைத்தான் படிக்கிறாள். கொழுந்தனார் வீட்டிலோ, பாட்டன் காலத்திலிருந்து வரும் பழைய வேதாகமமே இன்னும் இருக்கிறது.