பக்கந்தோறும் ஒரே பட்டியல்: சட்டகங்கள் வந்த கதையும் போன கதையும்

ஈய எழுத்துகளைக் கையாற் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில், நாள்தோறும் மாறாதனவற்றை எவரும் நாள்தோறும் கோப்பதில்லை. பத்திரிகையின் பெயர், ஆசிரிய தலையங்கத்தின் மேல் வரும் சின்னம், கடைசிப் பக்கத்தின் அடியில் வரும் அச்சகத்தின் பெயரும் முகவரியும் ஆகியன ஒரு முறை கோக்கப்பட்டு, நூலாற் கட்டப்பட்டுத் தட்டிலே தயாராக இருக்கும். பக்கம் கட்டுபவர் அவற்றை எடுத்து உரிய இடத்தில் வைத்து, சுற்றிலும் செய்திகளை அடுக்கி, இறுக்கிப் பூட்டுவார். வாசகரின் கைக்குச் செல்வதோ ஒரே தாள்.

இணையத்தளங்கள் தோன்றியபோது இந்த எளிய வசதி அங்கே இருக்கவில்லை. ரிம் பேர்னேர்ஸ்-லீ 1991 இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய வலையின் எச்டிஎம்எல் மொழியில், ஒரு கோப்பின் எழுத்தை இன்னொரு பக்கத்தினுள் கொண்டுவந்து சேர்க்கும் கட்டளை கிடையாது. 'முகப்பு, எம்மைப் பற்றி, தொடர்புகளுக்கு' என்று பக்கத்தின் ஓரத்தில் வரும் வழிகாட்டிப் பட்டியலை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியே எழுதவேண்டும். நண்பர் ஒருவர் நடத்திய தளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருந்தன. புதிய பிரிவொன்றைச் சேர்த்தபோது நாற்பதையும் கையால் திருத்தினார், மூன்றை மறந்துவிட்டார். அந்த மூன்றிலும் பழைய பட்டியலே நின்றது. அவற்றிற்குள் நுழைந்தவர்களுக்குப் புதிய பிரிவு இருப்பதே தெரியாமற் போயிற்று.

இந்தத் தொல்லைக்கு மருந்தாகவே சட்டகம் வந்தது. ஆங்கிலத்தில் பிரேம் எனப்பட்ட இதனை நெற்ஸ்கேப் நிறுவனம் தனது நவிகேற்றர் உலாவியின் இரண்டாம் பதிப்பில், 1996 மார்ச்சில், முறைப்படி வெளியிட்டது. உலாவியின் சாளரத்தைப் பிளந்து இடப்புறம் பட்டியலை ஒரு கோப்பாகவும் வலப்புறம் உள்ளடக்கத்தை வேறொரு கோப்பாகவும் காட்டலாம். பட்டியல் அசையாது நிற்கும். உள்ளடக்கம் மட்டும் மாறும். அதே ஆண்டு ஓகஸ்டில் வந்த மைக்ரோசொவ்ற்றின் எக்ஸ்புளோரர் மூன்றாம் பதிப்பும் இதனை ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் தளம் அமைக்கத் தொடங்கிய பலருக்கு இது பெரும் வரப்பிரசாதமாகவே தோன்றியது.

ஆனால் இங்கே பூட்டும் வேலை அச்சுக்கூடத்தில் நடக்கவில்லை. வாசகரின் கையில் நடந்தது. துண்டுகள் துண்டுகளாகவே போய்ச் சேர்ந்தன. மேலே தெரியும் முகவரி முகப்பினுடையது. உள்ளே எத்தனை பக்கங்கள் மாறினாலும் அது மாறாது. வாசித்த கட்டுரையின் முகவரியை நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு முகப்பே திறக்கும். தேடுபொறி வழியாக வந்தவருக்கோ பட்டியலற்ற உட்பக்கம் மட்டும் கிடைக்கும். அது யாருடைய தளம், எங்கிருந்து எங்கே செல்வது என்று அறிய வழியில்லை. நெற்ஸ்கேப்பின் இரண்டாம் பதிப்பில் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் முன்வாசித்த பக்கத்திற்குப் போகாமல் தளத்தையே விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த பதிப்பிலேதான் இது சீர்செய்யப்பட்டது. பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கொப் நீல்சன் 1996 டிசம்பரில் சட்டகங்களைக் கடுமையாகச் சாடி எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே. ஒரு பக்கத்திற்கு ஒரு முகவரி என்ற வலையின் அடிப்படையையே இவை குலைக்கின்றன என்றார் அவர்.

பத்திரிகைக்காரரான எம்மைத் தொடும் அத்தியாயம் அதற்குப் பின்னரே வருகிறது. அமெரிக்காவில் ரோட்டல் நியூஸ் என்றொரு தளம் இயங்கியது. சொந்தமாகச் செய்தி எழுதாத தளம் அது. இடப்புறச் சட்டகத்தில் புகழ்பெற்ற செய்தி நிறுவனங்களின் பட்டியல். அடியில் தன்னுடைய விளம்பரம். நடுவே பிறருடைய செய்திப் பக்கம், சுருங்கிய சாளரத்தில். மேலே தெரிந்த முகவரி ரோட்டல் நியூசினுடையது. வோஷிங்டன் போஸ்ற், சிஎன்என், ரைம், டவ் ஜோன்ஸ், ரைம்ஸ் மிரர், ரோய்ட்டர்ஸ் ஆகியன 1997 பெப்ரவரியில் நியூயோர்க்கின் சமஷ்டி நீதிமன்றத்தில் ஒன்றாக வழக்குத் தொடுத்தன. தமது உழைப்பின்மீது வேறொருவர் தமது பெயர்ப்பலகையை மாட்டி விளம்பரம் விற்கிறார் என்பதே முறைப்பாடு. அவ்வாண்டு ஜூனில் வழக்கு இணக்கமாக முடிந்தது: இணைப்புக் கொடுக்கலாம், ஆனால் சட்டகத்துக்குள் அடைத்துக் காட்டலாகாது. நீதிபதியின் தீர்ப்பு வராமலே முடிந்தது எமக்கு ஏமாற்றமே. வந்திருந்தால் பின்னாளில் பிறர் செய்தியை எடுத்தாண்ட பல தளங்களுக்கு அது ஓர் எல்லையைக் காட்டியிருக்கும்.

விந்தை என்னவெனில், சட்டகத்திற்கு மாற்று அதற்கு முன்பே இருந்தது. இலினோய் பல்கலைக்கழகத்து மீகணினி நிலையமான என்சிஎஸ்ஏ உருவாக்கிய வழங்கி மென்பொருளில் ஒரு வசதி உண்டு: பக்கத்தின் நடுவே ஒரு வரிக் கட்டளை எழுதிவைத்தால், பக்கத்தை அனுப்புமுன் வழங்கியே பட்டியற் கோப்பை அவ்விடத்தில் செருகிவிடும். 1995 இல் தோன்றிய அப்பாச்சி வழங்கியும் இவ்வசதியைத் தந்தது. வாசகருக்குச் செல்வது முழுமையான ஒரே பக்கம், முகவரியும் அதற்குரியதே. பட்டியலைத் திருத்த ஒரு கோப்பைத் திருத்தினாற் போதும். ரஸ்மஸ் லேர்டோர்வ் 1995 ஜூனில் வெளியிட்ட கருவிகளிலிருந்து வளர்ந்த பிஎச்பி மொழி இதே வேலையைப் பெருமளவில் எளிதாக்கியது. வாசகர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் அதனால் அறிய முடியும். ஆகவே பட்டியலில் அப்பெயரை மட்டும் வேறு நிறத்தில் காட்டலாம். அசையாது நின்ற சட்டகப் பட்டியலுக்கு இது இயல்பாக வராத காரியம்.

அப்படியாயின் ஏன் பலர் சட்டகத்தை நாடினர்? இலவசமாக இடம் தந்த சேவைகள் பலவற்றில் வழங்கியின் இத்தகைய வசதிகள் திறந்துவிடப்படவில்லை என்பதே முக்கிய காரணம். காசில்லாதவனுக்குக் கிடைத்தது சட்டகந்தான். ஜாவாஸ்கிரிப்ற் கொண்டு பட்டியலை எழுதியவர்களும் இருந்தனர். அதனை நிறுத்திவைத்தவரின் உலாவியில் பட்டியலே தோன்றாது.

இவர்களுக்கு விடிவு தந்தது, பக்கங்களைத் தமது கணினியிலேயே பூட்டி முடித்து அனுப்பும் முறை. 1997 இல் வந்த ட்ரீம்வீவர் மென்பொருளின் பின்னைய பதிப்புகள் வார்ப்புரு முறையைக் கொணர்ந்தன. வார்ப்புருவை மாற்றினால் அதிலிருந்து உருவான பக்கங்கள் யாவும் மாறும். வலைப்பதிவுக்கென 2001 இல் வந்த மூவபிள் ரைப் இவ்வேலையை வழங்கியில் செய்தது. பட்டியலில் ஒரு சொல்லை மாற்றிவிட்டுத் தளம் முழுவதும் மீளக் கட்டப்படும்வரை தேநீர் அருந்திக் காத்திருந்தவர்கள் இதனை நினைவுகூர்வர்.

சட்டகங்களின் முடிவு மெதுவாகவே வந்தது. 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் நான்காம் பதிப்பில் முறையான இடம்பெற்ற அவை, 2014 ஒக்ரோபரில் நிறைவுற்ற ஐந்தாம் பதிப்பில் வழக்கொழிந்தனவென்று விலக்கப்பட்டன. பக்கத்தினுள் வேறொன்றைப் பதிக்கும் ஐபிரேம் மட்டும் எஞ்சியது. நண்பரும் தமது நாற்பது பக்கங்களை வழங்கி செருகும் முறைக்கு மாற்றிவிட்டார். மாற்றிய அன்று தொலைபேசியில் அழைத்து, அந்த மூன்று பக்கங்களையும் திறந்து பார்க்குமாறு கேட்டார். பட்டியல் சரியாக இருந்தது.