வன்னிக் குகைகள்: கல்லெழுத்தும் ஐதிகமும்

மலைக்குகையொன்றின் பழமையைப் பற்றி ஆராயப் புகுவோர்க்கு இருவகைச் சான்றுகள் கிட்டுவதுண்டு. ஒன்று கல்லிலே பொறிக்கப்பட்ட எழுத்து. மற்றையது வழிபடுவோர் நாவிலே வழங்கும் கதை. முன்னதை வரலாறென்றும் பின்னதை வெறும் ஐதிகமென்றும் வகுத்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிடுதல் கற்றோரிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கமாகும். பிறவிடங்களில் இஃது ஏட்டளவில் நின்றுவிடக்கூடும். வன்னிப் பெருநிலத்தில் அவ்வாறு நிற்கவில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் திகதி, சிவராத்திரி நாளிலே, வவுனியா வடக்கிலுள்ள வெடுக்குநாறி மலையில் வழிபாட்டில் ஈடுபட்டிருந்தோருள் எண்மர் பொலிசாராற் கைது செய்யப்பட்டனர். அவர்கள் விடுவிக்கப்பட்டது அம்மாதம் 19ஆந் திகதியாகும். தொல்பொருட் சின்னம் அமைந்த இடத்தில் வழிபடுதல் தகுமா என்பதே அங்கு எழுந்த வினா. எழுத்துள்ள குகையிற் கதைக்கு இடமுண்டா என அவ்வினாவைச் சற்றே மாற்றிக் கேட்பின், அது வரலாற்று மாணவரின் வினாவாகிவிடும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெடுங்கேணிக்கு அண்மையில், ஒலுமடுவை அடுத்த காட்டினுள்ளே அமைந்துள்ளது வெடுக்குநாறி மலை. உச்சியில் ஆதிலிங்கேஸ்வரர் வீற்றிருக்கின்றார். தாழ்வான பகுதிகளிற் பிள்ளையார், அம்மன், வைரவர் முதலிய தெய்வங்களுக்கு வழிபாடு நிகழ்கின்றது. மலையின் குகைப் பகுதியிலே பிராமி எழுத்துகள் காணப்படுகின்றன. மலையின் பெயரே சிந்தனைக்குரியது. வெடுக்கென்பது மூக்கைத் துளைக்கும் கடுநாற்றம். நாறுதல் என்னும் வினை பழந்தமிழில் நறுமணம் வீசுதலையும் குறித்தது. தோன்றுதல், முளைத்தல் என்னும் பொருள்களும் அதற்குண்டு. பிணநாறி, பீநாறி எனச் செடிகொடிகளுக்கும் பெயர் வழங்குவதால் மரமொன்றின் பெயர் மலைக்கு ஆகிவந்ததாகக் கொள்ளலாம். வௌவால்கள் அடையும் குகைகளின் வீச்சத்தாற் பெயர் வந்ததெனவும் கொள்ளலாம். எவ்வாறாயினும் இது புராணிகர் சூட்டிய பெயரன்று. காட்டிலே தேனெடுக்கவும் விறகு வெட்டவும் சென்றோர் இட்ட பெயரெனவே தோன்றுகிறது. தலபுராணம் பாடப்பெற்ற கோயில்களுக்கு இத்தகைய பெயர் நிலைத்திருக்க விட்டிருப்பார்களோ என்பது ஐயமே.

இனி, எழுத்தைப் பார்ப்போம். இலங்கையின் பண்டைய குகைச் சாசனங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1970இல் வெளிவந்த தமது சாசனத் தொகுதியின் முதலாம் பாகத்திலே பதிப்பித்தார். கிறித்துவுக்கு முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டளவிற் தொடங்கும் இச்சாசனங்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை: இன்னாரது குகை, நாற்றிசையினின்றும் வரும் சங்கத்தார்க்கு அளிக்கப்பட்டது என்பதே அவ்வாய்பாடு. குகையின் நெற்றியிலே மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு விளிம்பு வெட்டி, அதன் கீழே எழுத்தைப் பொறிப்பது மரபு. மொழி பிராகிருதம், சமயம் பௌத்தம். இதில் ஐயத்துக்கு இடமில்லை. வன்னிக் குகைகள் ஆதியிலிருந்தே சைவக் குகைகளாக இருந்தனவெனச் சான்றின்றி எழுதுவோர் தமது கட்சிக்குத் தாமே ஊறு செய்கின்றனர்.

ஆயின் அக்குகைகளைக் கொடுத்தவர் யாவர்? வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்திலுள்ள குகைத்தொகுதி இவ்விடயத்திற் பெரிதும் பயன்படுவது. அங்குள்ள சாசனங்களிற் சில, நாக என்னும் அரசனின் மகளும் உதி என்னும் அரசனின் மனைவியுமான அபி அநுராதியைக் குறிப்பிடுகின்றன. வேறிரண்டு சாசனங்கள் விசாகன் என்னும் வணிகனைக் குறிப்பன. ஒன்றில் அவனது குகையும் மற்றொன்றில் அவன் பெயரால் அமைந்த படிவரிசையும் சுட்டப்பெறுகின்றன. அவனுக்குக் கொடுக்கப்பட்டுள்ள அடைமொழிகள் மூன்று: தமெட, வணிஜ, கஹபதி. தமிழன், வணிகன், இல்லத்தலைவன் என்பது பொருள். அநுராதபுரத்துச் சாசனமொன்றிலும் தமிழ் இல்லத்தலைவர்கள் தமக்கென அமைத்த மண்டபம் பேசப்படுகின்றது.

விசாகனைப் பற்றி நாம் அறிவது இவ்வளவே. எனினும் இச்சிறு செய்தி இருசாரார்க்கும் இடர்ப்பாடு தருவதாகும். பௌத்தக் குகையெனின் அது சிங்களவரது குகையே என்பாரை விசாகனின் இனப்பெயர் மறுக்கின்றது. தமிழர் இருந்தனரெனின் அது சைவத் தலமே என்பாரை அவன் குகை அமைந்த சூழல் மறுக்கின்றது. சமயமும் மொழியும் ஒன்றோடொன்று பிணைந்து ஓரினத்தின் அடையாளமாக இறுகியது மிகப் பிற்பட்ட காலத்திலேயே என்பதைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளியான தமது ஆங்கில நூலிலும் மறுவாண்டு வெளிவந்த அதன் தமிழ் வடிவிலும் விரிவாக ஆராய்ந்துள்ளார். அநுராதியின் தந்தை பெயர் நாக என்றிருப்பதையும், வன்னியிலே புதூர் நாகதம்பிரானுக்கு இன்றும் பொங்கல் நிகழ்வதையும் கண்டு இரண்டையும் ஒரே மூச்சில் முடிச்சிடுவோருமுளர். ஈராயிரம் ஆண்டு இடைவெளியை ஒரு பெயரொற்றுமையினாற் பாலமிட இயலாது. நாக என்பது அக்காலத்தே தீவு முழுவதிலும் மக்கட்பெயராக வழங்கிய ஒன்று.

ஒரு குகை கைமாறுவதோ, ஒரு மலையிற் பல சமயங்கள் அடுத்தடுத்துத் தங்குவதோ வன்னிக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தை எடுத்துக்கொள்வோம். முருகனின் படைவீடுகளுள் ஒன்றாகிய அம்மலையிலே துறவியர்க்கான கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள. அவற்றுளொன்றை ஐராவதம் மகாதேவன் எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனின் கொடையெனப் படித்தார். குடும்பிகன் என்பானும் இல்லத்தலைவனே. வன்னிக் குகையிலே ஒரு தமிழ் இல்லத்தலைவன். பாண்டிநாட்டுக் குகையிலே ஓர் ஈழத்து இல்லத்தலைவன்! அம்மலையின் மறுபுறத்தே எட்டாம் நூற்றாண்டிற் பாண்டியர் குடைந்த குடைவரைக் கோயிலே இன்றைய முருகன் கோயிலின் கருவறையாகும். கற்படுக்கை முந்தியது என்பதால் முருகனின் பரங்குன்றம் பொய்யாகிவிடவில்லை. முருகன் வந்தான் என்பதாற் கற்படுக்கையின் எழுத்தும் அழிந்துவிடவில்லை.

இனி ஐதிகத்துக்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதை இங்கு நினைக்கத்தக்கது. அது குகைக்கோயிலன்று, எனினும் வன்னியிலே ஒரு தலம் எவ்வாறு கண்டெடுக்கப்படுகிறது என்பதை அதனினும் தெளிவாகக் கூறும் கதை பிறிதில்லை. காட்டை வெட்டிச் சேனைப்பயிர் செய்த கமக்காரனொருவன் குரக்கன் அறுவடையானபின் எஞ்சிய ஒட்டுக்கு எரியூட்டினான். எல்லாம் வெந்தும் ஓரிடத்து ஒட்டு மட்டும் வேகவில்லை. அவன் மண்வெட்டியால் அவ்விடத்தைக் கொத்த, குருதி பீறிட்டது. உள்ளே இலிங்கம் இருந்தது. ஒட்டைச் சுட்டமையால் ஊர் ஒட்டுசுட்டான் ஆயிற்றென்பர். தீயில் வேகாமையால் இறைவன் வேகாவனநாதர் எனப்பட்டார் என்பர். வெட்டியவிடத்துக் குருதி பெருகும் கதை தமிழகத்திலும் பலவிடங்களில் வழங்குவதே. திருநெல்வேலியில் அது மூங்கிற்புதரிலே நிகழ்ந்ததாகக் கூறுவர். வன்னியில் மூங்கிலுக்குப் பதிலாகக் குரக்கன் ஒட்டு வந்துவிட்டது. கதை ஊரின் உழவோடு ஒட்டிக்கொண்டது.

இக்கதையை வரலாற்று மாணவர் எங்ஙனம் படித்தல் வேண்டும்? குருதி பெருகிற்றா என வினவுதல் பயனற்றது. கதை தன்னையறியாமல் ஒப்புக்கொள்ளும் செய்தியே முதன்மையானது. கமக்காரன் கோயிலைக் கட்டினான் எனக் கதை கூறவில்லை. காட்டை அழிக்கையில் முன்னமே இருந்ததொன்றை எதிர்ப்பட்டான் என்றே கூறுகிறது. தான்தோன்றி என்பதும் ஆதி என்பதும் இதனையே உணர்த்துவன. நாங்கள் வருமுன்பே இவ்விடத்தில் ஒன்று இருந்தது. அதனை அறியாது தீண்டினோம். அறிந்தபின் வணங்கினோம் என்பதே அதன் உட்கிடை. வெடுக்குநாறி மலையின் இலிங்கம் ஆதிலிங்கம் எனப்படுவதையும் இவ்வாறே கொள்ளலாம். முதலில் வந்தவர் நாம் என்னும் உரிமைக் கூற்றாக அச்சொல்லை வாசிப்பது இக்காலத்து வழக்குகளின் விளைவு. கல்லெழுத்து, முன்பு வேறொருவர் இங்கு இருந்தனர் என்கின்றது. கதையும் அதனையே தன் மொழியிற் சொல்கின்றது. இரண்டுக்கும் பகை எங்கே?

காசுமீரத்து அமரநாதக் குகையைப் பற்றியும் இரண்டு கதைகள் வழங்குகின்றன. சிவபெருமான் உமைக்கு இறவாமையின் மறையை உரைத்த இடம் அதுவென்பது புராணக் கதை. பூட்டா மாலிக் என்னும் முசுலிம் இடையன் குகையைக் கண்டுபிடித்தான் என்பது மக்கட் கதை. அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியதெனப் பலர் கூறுவர். ஆயின் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே கல்கணர் இயற்றிய இராசதரங்கிணி அமரேசுவரத்தை ஏலவே அறிந்திருக்கிறது. மறந்துபோன குகையை மீளக் கண்டதே இடையன் கதையின் பொருளாதல் வேண்டும்.

வன்னியிலும் அத்தகைய மறதிக்காலம் இருந்தது. குளங்கள் உடைந்து, காய்ச்சல் மிகுந்து, ஊர்கள் காடாயின. 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை எழுதிய ஜே. பி. லூயிஸ் கண்ட வன்னி, குடிகள் அருகிய காட்டுநிலமே. துறவியர் நீங்கிய குகைகளை அக்காட்டின் சிற்றூரார் தம் தெய்வங்களுக்கு உரியனவாக்கினர். அங்கே ஆகமக் கிரியையில்லை. வளந்து ஏற்றிப் பொங்கி, மடை பரவி, கல்லையும் சூலத்தையும் வணங்கும் வழிபாடு அது. இத்தகைய வழிபாடு கல்வெட்டு வெட்டுவதில்லை. வரவுசெலவு ஏடு வைப்பதுமில்லை. ஆண்டுதோறும் நிகழ்ந்து, ஆண்டுதோறும் தடமின்றி மறைவது அதன் இயல்பு. பிற்காலத்தில் 1980களிலிருந்து 2009 வரை போரினால் அவ்வூர்கள் பல பெயர்ந்தலைந்தமையால், இருந்த சிறு ஆவணமும் அழிந்தது.

சட்டமோ எழுத்தின் பக்கமே நிற்பது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கல்வெட்டையும் கட்டடத்தையும் காக்க எழுந்தது. வேண்டிய சட்டமே அது. அஃதின்றேல் புதையல் தோண்டுவோர் ஒரு குகையையும் விட்டுவைத்திரார். ஆனால் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கொடையாளியின் பெயரை அறியும் அச்சட்டம், அக்குகையிற் பொங்குவோரின் பாட்டன் பெயரை அறியாது. 2018 முதல் வெடுக்குநாறி மலைக்குச் செல்வோர்க்குத் தொல்பொருட் டிணைக்களமும் பொலிசாரும் தடைகள் விதிக்கலாயினர். விடயம் வவுனியா நீதவான் நீதிமன்றத்தை அடைந்தது. வழிபடுவோரிடமிருந்து தொல்பொருளைக் காக்கவெனத் தடைவிதிக்கப்பட்ட அம்மலையிலேயே 2023 மார்ச் மாதத்தில் ஆதிலிங்கம் பெயர்த்தெறியப்பட்டும் ஏனைய விக்கிரகங்கள் சிதைக்கப்பட்டும் கிடந்தன. நீதிமன்ற உத்தரவின் பேரில் அடுத்த மாதம் அவை மீள வைக்கப்பெற்றன. மறுவருடச் சிவராத்திரியில் நிகழ்ந்ததை முன்னரே கூறினோம்.

இந்நிலையில் வரலாறு பயில்வோர் செய்யக்கூடியது நீதிமன்றத்தின் பணியை மேற்கொள்வதன்று. வெடுக்குநாறியின் பிராமி எழுத்துகளைத் தெளிவான படிகளெடுத்துத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கி வெளியிடுதல் ஒன்று. எழுத்தை ஒரு சாரார் ஆயுதமாக்குவதும் மற்றச் சாரார் அதற்கு அஞ்சுவதும் பெரும்பாலும் அதனைப் படியாமையால் நேர்வன. மற்றொன்று, ஒலுமடு, பாலமோட்டை முதலிய ஊர்களின் முதியோரிடம் சென்று, மலைக்கு எவ்வழியாக ஏறினர், எந்தக் கல்லுக்கு எந்தப் பெயர், பொங்கலுக்கு அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த ஆண்டு செல்ல இயலாது போயிற்று என்பனவற்றை ஆளும் நாளும் இட்டு எழுதிக்கொள்வது. முதலாம் இடப்பெயர்வுக்கு முன் அம்மலையிற் பொங்கலைக் கண்டவர்களுள் அன்று பத்து வயதினராய் இருந்தோர்க்கே இப்போது ஐம்பது கடந்துவிட்டது. மடை பரவியோர் அவர்களினும் மூத்தவர்கள்.