பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்

தமிழ்ச் சிறுகதையில் பால்யம் என்றதும் நமக்குக் காட்டப்பட்டது என்ன? தாத்தா வீட்டுத் திண்ணை, அத்தை வீட்டு ஊஞ்சல். ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்க அவங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அதையே படித்து எம்.ஏ. வரை வந்த எனக்கு?

அம்பேத்கர் நூற்றாண்டை (1991) ஒட்டிக் கிளம்பிய தலித் எழுத்துதான் இதற்கு வாய் திறந்தது. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் தன்வரலாறு 'கருக்கு' 1992இல் வந்தது. நாயக்கர் வீட்டுப் பொடிசுகள் பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை ஏவுவார்கள். பாட்டியோ அந்தப் பொடிசுகளை 'அய்யா' என்பாள். குடும்பக் கதைதான். ஆனால் நம் சரித்திரமும் இதுதான். கூலி, நெல், நிலம் எல்லாம் சர்க்கார் கணக்கில் ஏறும். ஒரு கிழவியின் வயசைச் சாதி தின்றது எந்தக் கணக்கில் ஏறும்?

எங்க பொதட்டூர்பேட்டை தறிச்சத்தம் கேட்கும் ஊர். ஆயா களையெடுக்கப் போவாள். வரப்பில் நிற்கிற பத்து வயசுப் பையன் 'ஏய்' என்று அவள் பேரைச் சொல்வான். தெலுங்கு வீடு என்றால் 'ஒசே'. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைப் போராட்டத்தைப் பெருமையாகப் பேசுகிறோம், பேசட்டும். ஆயாவைக் கூப்பிடும் முறையில் அந்த எல்லை நகரவே இல்லை.

1996இல் பாமாவின் சிறுகதைத் தொகுப்பு 'கிசும்புக்காரன்' வந்தது. அதில் 'அண்ணாச்சி' என்றொரு கதை. நம்ம ஆள் ஒருத்தன் முதலாளியை 'அண்ணாச்சி' என்கிறான். அதுவே தகராறாகிறது. அவன் என்ன கெட்ட வார்த்தையா சொன்னான்? உறவுச்சொல்தானே! வசவைக்கூடத் தாங்குவார்கள், உறவு கொண்டாடினால் தாங்கமாட்டார்கள். 'கருக்கு'ப் பாட்டி விழுங்கிய சொல்லை இவன் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறான். நம் கதைகளில் குடும்பம் வீட்டுக்குள் முடிவதில்லை, ஊர்த்தெருவில் போய் நியாயம் கேட்கிறது.

ஆயாவைப் பேர் சொன்ன பையன் இப்போது என்னைச் 'சார்' என்கிறான். 'அண்ணே' என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வரல. தோழர்களே, கதை எழுத உட்கார்ந்தால் முதலில் இதை எழுதுங்கள்: உங்க பாட்டியை யார் யார், எப்படிக் கூப்பிட்டார்கள்?