ஜாக்கா, ஸ்பீக்கானா? பேஸ் ஆம்ப்பையும் கேபினெட்டையும் இணைக்கும் ஒயர்

பேஸ் கிட்டார் வாங்கும்போது மரம், பிக்கப், கம்பி என ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட, ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் கேபினெட்டுக்குப் போகும் ஒயரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. பையில் கிடக்கிற ஏதாவது ஒன்றைச் செருகி வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு நல்ல ஆம்ப் கெட்டுப்போக இந்த அலட்சியமே போதும். அந்த ஒயரின் இரண்டு முனைகளிலும் என்ன பின் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்று இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, நம் கடைகளில் பி-38 என்று கேட்டு வாங்கும் 6.35 மில்லிமீட்டர் ஜாக். இன்னொன்று, ஸ்பீக்கான்.

இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இடைவெளி. ஜாக், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது. பேசுகிறவர் ஒருவரை இன்னொருவரோடு இணைக்க, ஆபரேட்டர் நாள் முழுக்கச் செருகிச் செருகி எடுக்க வேண்டும். அதற்குத் தோதாக, எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் உள்ளே போகும்படி உருண்டையாகச் செய்தார்கள். அதில் ஓடியது மனிதக் குரலைச் சுமந்த மிகச் சிறிய மின்சாரம். எலெக்ட்ரிக் கிட்டார் வந்தபோது அந்த ஜாக்கே அதற்கும் போதுமானதாக இருந்தது. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்கும் அதையே வைத்துவிட்டார்கள். 1952இல் ஃபெண்டர் பேஸ்மேன் வந்தபோது அதன் சக்தி 30 வாட்டுக்கும் குறைவு. ஜாக் அதைத் தாங்கியது. 1969இல் ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட்டோடு மேடை ஏறியபோது நிலைமை மாறிவிட்டது. ஆனாலும் கிட்டார் உலகம் ஜாக்கை எளிதில் விடவில்லை.

ஸ்பீக்கான், ஸ்பீக்கருக்கென்றே யோசித்துச் செய்தது. லீக்டன்ஸ்டைன் நாட்டின் நியூட்ரிக் நிறுவனம் 1987இல் அதைக் கொண்டுவந்தது. இந்தப் பிறப்பு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடுகளும் வருகின்றன.

கணக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்கு வருவது ஒரு வோல்ட் அளவிலான சமிக்ஞை. அதில் ஓடும் மின்சாரம் மிக மிகக் குறைவு. அதே ஆம்ப் 500 வாட்டை 4 ஓம் கேபினெட்டுக்குக் கொடுக்கும்போது, ஒயரில் இருப்பது ஏறத்தாழ 45 வோல்ட், 11 ஆம்பியர். ஜாக்கின் நுனியை சாக்கெட்டுக்குள் தொட்டுக்கொண்டிருப்பதோ வளைந்த ஒரு சிறு தகடு. அதுவும் ஒரு புள்ளியில். அந்தப் புள்ளியில் கறை படிந்து பத்தில் ஒரு ஓம் தடை சேர்ந்தாலே, 11 ஆம்பியர் ஓடும்போது அங்கே 12 வாட் அளவுக்குச் சூடு உண்டாகும். நாம் வேலை செய்யும் 25 வாட் சோல்டரிங் அயர்னில் பாதி, அந்தப் பின்னுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல. நுனி கருத்து, ஸ்பிரிங் இளகி, சத்தம் விட்டுவிட்டு வருவது இதனால்தான். ஸ்பீக்கானில் தொடும் பரப்பு அகலம். நான்கு முனை கொண்ட என்.எல்.4 வகை தொடர்ந்து 40 ஆம்பியர் தாங்கும்.

சூட்டைவிடப் பெரிய அபாயம் வேறு. ஜாக் எங்கும் நுழையும். அதன் புகழும் அதுதான், குற்றமும் அதுதான். கிட்டார் ஒயரிலும் அதே பின், ஸ்பீக்கர் ஒயரிலும் அதே பின் என்பதால், மேடையின் அரையிருட்டில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. வெட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கிட்டார் ஒயருக்குள் நடுவே நூல் போன்ற ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி, வெளி இரைச்சலைத் தடுக்கும் மெல்லிய வலைப்பின்னல். ஸ்பீக்கர் ஒயருக்குள் வலை கிடையாது. தடித்த இரண்டு செம்புக் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நடுக்கம்பி 0.22 சதுர மில்லிமீட்டர் உள்ள இரண்டு மீட்டர் கிட்டார் ஒயரை ஸ்பீக்கருக்குப் போட்டால், அந்த 11 ஆம்பியரில் நடுக்கம்பி மட்டுமே 19 வாட் சூட்டை விழுங்கும். உள்ளே உறை உருகி வலையும் கம்பியும் ஒட்டிக்கொண்டால் ஷார்ட். அதன் பின் ஆம்ப்பின் கதி அதன் பாதுகாப்புச் சர்க்யூட்டின் கையில். மாறாக, ஸ்பீக்கர் ஒயரைக் கிட்டாருக்குப் போட்டால் இரைச்சல் கேட்கும், அவ்வளவே. ஸ்பீக்கான் முனையுள்ள ஒயரைக் கிட்டாரில் செருகவே முடியாது. கிட்டார் ஒயரை ஸ்பீக்கான் சாக்கெட்டில் செருகவும் முடியாது. கவனத்தை நம்பாமல், தவறுக்கு இடமே கொடுக்காத இந்த ஏற்பாடுதான் என்னைப் பொறுத்தவரை ஸ்பீக்கானின் முதல் சிறப்பு.

செருகும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஸ்பீக்கானை உள்ளே தள்ளி வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். பூட்டுத் தகட்டைப் பின்னால் இழுத்துத் திருப்பினால்தான் வெளியே வரும். யாராவது ஒயரில் கால் தடுக்கினாலும் கழலாது. மின்சாரம் ஓடும் பாகங்கள் உள்ளே ஒளிந்திருப்பதால் விரல் படாது, இரும்பு மேசையில் விழுந்தாலும் ஷார்ட் ஆகாது. ஜாக்கில் நுனியும் தண்டும் வெளியே தெரிகின்றன. பவர் போட்ட ஆம்ப்பிலிருந்து தொங்கும் ஜாக் முனை ஒரு இரும்புச் சட்டத்தில் பட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இன்றைய எடை குறைந்த டி வகுப்பு ஆம்ப்களுக்கு இது இன்னும் முக்கியம். இவற்றில் பலவற்றின் வெளியீடு ‘பிரிட்ஜ்’ முறையில் அமைந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் மின்னழுத்தம் இருக்கும். எதுவும் கிரவுண்ட் அல்ல. ஜாக்கின் தண்டு கிரவுண்ட்தானே என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. அந்தத் தண்டு இன்னொரு கருவியின் உலோக உடம்பில் பட்டாலே வெளியீடு கிரவுண்டோடு ஷார்ட் ஆகும் வாய்ப்புண்டு. அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் ஸ்பீக்கானை மட்டும் வைக்கிறார்கள். இரண்டையும் ஏற்கும் கலப்பு சாக்கெட்டும் சில ஆம்ப்களில் உண்டு. அது இருந்தால் ஸ்பீக்கானையே பயன்படுத்துங்கள்.

ஜாக்குக்கும் ஒரு நியாயமான இடம் இருக்கிறது. பழைய வால்வ் ஆம்ப்தான் அந்த இடம். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வ் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, அது எரிந்துபோகலாம். ஃபெண்டர் ஆம்ப்கள் பலவற்றில் முதன்மை ஸ்பீக்கர் சாக்கெட்டுக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. ஒயரை உருவியதும் அது வெளியீட்டை ஷார்ட் செய்து டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கும். ஜாக்கின் உடலமைப்பை நம்பிச் செய்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட ஆம்ப்பில் ஸ்பீக்கான் பொருத்த 24 மில்லிமீட்டர் துளை போட்டால், இந்தப் பாதுகாப்பும் போகும், பழம்பொருளின் மதிப்பும் போகும். சில பத்து வாட்டுகளுக்கு ஜாக் போதும். ஒயர் மட்டும் உண்மையான ஸ்பீக்கர் ஒயராக இருக்க வேண்டும்.

ஸ்பீக்கானிலும் கவனிக்க வேண்டியது உண்டு. தள்ளிவிட்டுத் திருப்ப மறந்தால் சத்தமே வராது. என்.எல்.4இல் 1+, 1-, 2+, 2- என நான்கு முனைகள். பேஸ் ஆம்ப்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 1+, 1- இரண்டை மட்டும். சவுண்ட் சர்வீஸிடம் கடன் வாங்கிய ஒயர் 2+, 2-இல் இணைக்கப்பட்டிருந்தால் உங்கள் கேபினெட் ஊமையாக இருக்கும். பின்னைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்; பெரும்பாலானவற்றில் கம்பியை ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கினால் போதும், சோல்டர் தேவையில்லை. கச்சேரி நடுவே ஒயர் அறுந்தால் இது எத்தனை உதவி என்பது மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒயர் தடிமனுக்கு, வீட்டில் பவர் பிளக்குக்கு இழுக்கும் அதே 2.5 சதுர மில்லிமீட்டர் அளவே போதும். வளைந்து கொடுக்கும் பல இழைச் செம்பாக இருக்கட்டும். கேபினெட் ஜாக், ஆம்ப் ஸ்பீக்கான் என்றால் ஒரு முனை ஜாக்கும் மறுமுனை ஸ்பீக்கானும் உள்ள ஒயர் செய்துகொள்ளலாம். பவரை அணைத்துவிட்டு, முதலில் ஜாக் முனையைக் கேபினெட்டில் செருகுங்கள். பிறகு ஸ்பீக்கானை ஆம்ப்பில் பூட்டுங்கள். கடைசியில் பவர் போடுங்கள்.

புதிதாக ஆம்ப்பும் கேபினெட்டும் வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் ஸ்பீக்கான் இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கையில் ஏற்கெனவே ஜாக் வைத்த ஸ்பீக்கர் ஒயர் இருந்தால், கிட்டார் ஒயரோடு கலக்காதபடி அதன் இரண்டு முனைகளிலும் இன்றே சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.