ஆலங்கட்டியும் எங்க ஊர்க் கூரையும்

ஆலங்கட்டி விழுந்தா பட்டணத்துப் பிள்ளைங்க செல்போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுதுங்க. எங்க உத்திரமேரூர் பக்கம் நாங்க மாட்டுக் கொட்டகைக்கு ஓடுவோம். ஆட்டுக்குட்டியை உள்ள தள்ளிட்டு அப்புறம் மேல பாப்போம். கூரை தாங்குமான்னுதான் அப்ப மனசுல ஓடும். அந்தக் கூரையோட கதையைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

இது புதுசா வந்த மழை இல்லீங்க. சங்கப் பாட்டுகள்லயே இதுக்கு 'ஆலி'ன்னு பேர் இருக்கு. கன்னடத்துல ஆலிக்கல்லு, மலையாளத்துல ஆலிப்பழம். பழம்னு பேர் வெச்சவங்களுக்கு அதைப் பொறுக்கித் தின்ன பழக்கம் இருந்திருக்கும்னு நினைக்கிறேன், நாங்களும் சின்ன வயசுல வாயில போட்டுக்கிட்டவங்கதான். எங்க பக்கத்துல தெலுங்கு பேசுற வீடுகள்ல வடகண்ட்லுன்னு சொல்லுவாங்க.

பேர் இவ்வளவு பழசு. ஆனா எங்க ஊர்ல கல்மழை அபூர்வம். காரணம் இருக்கு. நம்ம வெப்ப நாட்டுல காத்து உறையற குளிரு தரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உசரத்துலதான் ஆரம்பிக்குது. மேகத்துக்குள்ள உருண்டு பெருத்த பனிக்கட்டி அங்கிருந்து கீழ வர்றதுக்குள்ள சூட்டுல கரைஞ்சுடும். பெரிய கட்டிதான் தப்பிப் பிழைச்சு தரைக்கு வரும். ஓசூர் மாதிரி மேட்டு ஊர்ல விழுற தூரம் குறைவு. நாங்க இருக்கிறது சமவெளி, கடலுக்கு அம்பது கிலோமீட்டர் கூட இல்ல. வந்தா பங்குனியிலேருந்து கத்திரி வெயில் வரைக்கும், சாயங்கால இடிமழையோட, பத்து நிமிஷம். ஒரு ஊர்ல கொட்டும், அடுத்த ஊர்ல தூறல் கூட இருக்காது. சரியா நவரை நெல்லு அறுப்புக்கு நிக்கிற நேரம், தர்பூசணி காய்ச்சுக் கிடக்கிற நேரம்.

அபூர்வம்னு அலட்சியமா இருக்கவும் முடியாது. 1888 ஏப்ரல் 30ந்தேதி வடக்கே மொராதாபாத்துல விழுந்த கல்மழையில 246 பேர் செத்தாங்க. ஒதுங்க இடமில்லாம வெளியில மாட்டிக்கிட்டவங்கதான் அதிகம். வங்கதேசத்துல கோபால்கஞ்சுல 1986ல விழுந்த ஒரு கட்டி ஒரு கிலோவுக்கு மேல. எங்க பக்கம் நான் பாத்தது கோலிக்குண்டு அளவுதான், சில சமயம் கொட்டைப்பாக்கு அளவு.

எங்க பாட்டன் காலத்துல கல்மழை வந்தா பயிர் போச்சேன்னுதான் அழுதிருக்காங்க, வீடு போச்சேன்னு யாரும் பேசிக் கேட்டதில்ல. ஏன்னா அப்ப கூரைங்க பனை ஓலை, கீத்து, விழல், கரும்புத் தோகை. அதுல கல்லு விழுந்தா மெத்தையில விழுந்த மாதிரி. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எப்படியும் மாத்தற கூரை. அதுக்கு எமன் தீயும் புயலும்தான், ஆலங்கட்டி இல்ல.

கொஞ்சம் வசதி வந்தவங்க நாட்டு ஓடு போட்டாங்க. குயவர் கையால செஞ்சது, ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கி அடுக்குறது. கல்லு விழுந்தா மேல் ஓடு விரியும், அடி ஓடு தாங்கும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஆளை வெச்சு ஓடு திருப்புறது வழக்கம். உடைஞ்சதை எடுத்துட்டு வேற சொருகுவாங்க. குரங்கு உடைச்சதா, கல்லு உடைச்சதான்னு யாரும் கணக்குப் பாக்கல. அப்புறம் வந்தது மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரங்க 1865ல மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க, அங்கேருந்து நாடு பூரா பரவுச்சு. பாக்க அழகு, எடையும் குறைவு. ஆனா ஒத்தை அடுக்கு. ஒண்ணு உடைஞ்சா நேரா அடுப்பு மேல தண்ணி ஊத்தும்.

எல்லாத்தையும் மாத்துனது சிமெண்ட் ஷீட்டு. கல்நார் கலந்தது. வருஷா வருஷம் கீத்து மாத்த ஆளும் கிடைக்கல, ஓலையும் கிடைக்கல, எல்லாரும் ஷீட்டுக்குப் போயிட்டோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், தீ பயம் போச்சு. ஆனா வெயில்ல காஞ்சு பத்துப் பதினஞ்சு வருஷம் ஆன ஷீட்டு மேல கோலிக்குண்டு அளவு கல்லு சரமாரியா விழுந்தா மயிரிழை மாதிரி விரிசல் விடும். அன்னிக்குத் தெரியாது. ஆடி மழையிலதான் ஒழுகும், அப்ப எதனாலன்னு யார்கிட்ட நிரூபிக்க முடியும்?

2010ல கலைஞர் வீடு வழங்கும் திட்டம், இப்ப கலைஞரின் கனவு இல்லம்னு குடிசைங்க கான்கிரீட் ஆகிக்கிட்டு வருது. கான்கிரீட் தளத்தை எங்க பக்க ஆலங்கட்டி ஒண்ணும் செய்யாது. ஆனா அதுக்கு முன்னாடி ஷீட்டுல ஒரு தாழ்வாரம், மேல சோலார் தகடு, பிளாஸ்டிக் தண்ணித் தொட்டி. மறுபடியும் உடையற சாமான்தான் மேல.

இழப்புக்குப் பணம் தர்ற கதையும் பழசு. வெள்ளைக்காரன் காலத்துல பயிர் போனா நிலவரியைத் தள்ளுபடி பண்ணுவான். வரி நிலத்துக்கு, சலுகையும் நிலத்துக்கு, கூரை அவன் கணக்குல இல்ல. 2005ல பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்துச்சு, 2010லேருந்து மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. அதோட பட்டியல்ல புயல், வெள்ளத்தோட ஆலங்கட்டியும் இருக்கு. இது பல பேருக்குத் தெரியாது. 2022ல திருத்தின மத்திய விதிப்படி பக்கா வீடு கொஞ்சம் சேதம்னா 6,500 ரூபாய், கச்சா வீடுன்னா 4,000, குடிசைக்கு 8,000, வீட்டோட ஒட்டுன மாட்டுக் கொட்டகைக்கு 3,000. ஆனா கொஞ்சம் சேதம்னா குறைஞ்சது 15 சதவீதம் போயிருக்கணும். ஆலங்கட்டி சுவரை இடிக்காது, கூரையை மட்டும் ஓட்டை போடும். அந்த 15 தான் வம்பு. நாலு ஷீட்டு உடைஞ்சவன் பட்டியல்லயே வரமாட்டான்.

அதனால கல்லு நின்னதும் பெருக்கித் தள்ளாதீங்க. முதல்ல கல்லைப் பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வெச்சுப் படம் எடுங்க, அது கரையறதுக்குள்ள. அப்புறம் கூரையை உள்ளேருந்தும் வெளியேருந்தும் எடுங்க. ஷீட்டு மேல கால் வைக்காதீங்க, விரிஞ்ச ஷீட்டு ஆளைத் தாங்காது. உடைஞ்ச துண்டைத் தண்ணி தெளிச்சு எடுங்க, கல்நார்த் தூசி நெஞ்சுக்குள்ள போகக் கூடாது. அன்னிக்கே கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சொல்லி, தாசில்தாருக்கு எழுத்துல ஒரு மனு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. பயிர்க் காப்பீடு கட்டியிருந்தா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் போகணும், இதுல தவறினவங்க நிறைய.

பட்டணத்துக்காரங்களுக்கு ஒண்ணு. கார் காப்பீடு முழுசா எடுத்திருந்தா அதுல ஆலங்கட்டி பேர் சொல்லியே இருக்கும். மூணாம் நபர் காப்பீடு மட்டும்னா கண்ணாடிக்குக் காசு வராது. வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்துல புயல், வெள்ளம்னு இருக்கும், ஆலங்கட்டிக்கு உண்டான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

மனுவோட வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், பட்டா எல்லாம் கேப்பாங்க. பாதி வீட்டுக்கு இங்க பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு. எங்க ஊர்க் கோயில் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும், குடவோலைத் தேர்தல், முதலாம் பராந்தகச் சோழன் காலம், 919லயும் 921லயும் வெட்டுனது. வாரியத்துக்கு நிக்கிறவன் சொந்த மனையில கட்டுன வீட்டுல குடியிருக்கணும்னு அதுல ஒரு விதி. ஆயிரத்து நூறு வருஷமா இந்த ஊர்ல மனை யார் பேர்லங்கிற கேள்வி விடல. கல்மழை வர்றதுக்கு முன்னாடி, ஜமாபந்தி சமயத்துல போய்ப் பேர் மாத்திடுங்க.

நாட்டு ஓடு இப்ப புதுசா யாரும் செய்யறதில்ல, பழைய வீடு இடிக்கிற இடத்துலதான் கிடைக்குது. போன தையில ஒரு வீடு இடிச்சாங்க, இருநூறு ஓடு வாங்கிக் கொட்டகை ஓரமா அடுக்கி வெச்சிருக்கேன்.